அழாத பிள்ளை நல்ல பிள்ளையா?
பிறந்த குழந்தைகளைத் தாக்கும் கிருமித் தொற்றுப் பற்றிய பேச்சு

(மெல்பேர்ண் டண்டினோங்கில் நடந்த எமது தாய்மார் சந்திப்பில் தமிழ் மருத்துவிச்சி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் பேசிய நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். சிட்னி வாசகர்களுக்கு வேண்டிய விபரங்களையும் அவரிடமே கேட்டுச் சேர்த்திருக்கிறோம்.)

பிள்ளைத்தாச்சித் தங்கச்சிமார் முன்னுக்கு வந்து இருங்கோ. அப்பாமாரும் வந்திருக்கிறீங்கள், மிச்சம் சந்தோசம். இன்றைக்கு நான் சொல்லப் போறது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு கதை சொல்லுறன். பெயர் ஊர் வேண்டாம். சில வருசத்துக்கு முதல் ஒரு தங்கச்சிக்கு முதற்பிள்ளை பிறந்தது. நல்ல நிறை, சுகப் பிரசவம். ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் பிள்ளை முழுநாளும் அழவே இல்லை. பக்கத்து அறை அக்கா பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளை, தாயைக் கரைச்சல் படுத்தாது" என்று சொன்னா. பாலுக்கு எழுப்பினால் இரண்டு தரம் உறிஞ்சும், திரும்ப நித்திரை. பின்னேரம் நப்பி காய்ந்தபடி இருந்தது. இரவு பத்து மணிக்கு உடம்பு சுட்டது.

புருசன் கெட்டவர் இல்லை, பயந்தவர். மெடிகெயார் காட் முடிந்துவிட்டது, பில் வரும், இமிக்ரேசனுக்குத் தெரிய வந்தால் என்ன செய்யிறது, விடியட்டும் பார்ப்பம் என்றார். ஊரில் இருந்து மாமியும் போனில், துடக்குக் கழியாமல் தாயையும் பிள்ளையையும் இரவில் வெளிக்கிடுத்த வேண்டாம் என்று சொன்னா. அந்தத் தங்கச்சி ஒருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. 000 அடித்தா. அவவுக்கு வந்த இங்கிலிஷ் மூன்று சொல்: "பேபி. நோ மில்க். தமிழ்." அவ்வளவுதான். அம்புலன்ஸ் வந்தது.

பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். இரண்டு கிழமை ஊசி மருந்து போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. நான் இந்தக் கதையைச் சொல்லுறது பயப்பிடுத்த இல்லை. பிறந்த குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் அது சத்தம் போட்டுக்கொண்டு வராது. பிள்ளை அமைதியாகிப் போகும். அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று நாங்கள் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை இன்றைக்கு இந்த மண்டபத்தில் விட்டுவிட்டுப் போங்கோ.

ஏன் பிறந்த குழந்தைக்கு இவ்வளவு ஆபத்து?

பெரிய ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் உடம்பு சண்டை பிடிக்கும். பிறந்த குழந்தைக்கு அந்தச் சண்டைக்கான பலம் இன்னும் வளரவில்லை. தாயின் உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் பிள்ளைக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். ஆனபடியால் 37 கிழமைக்கு முன்னர் பிறந்த பிள்ளைக்கு அது குறைவு. தோலும் மெல்லியது. ஒரு கிருமி இரத்தத்துக்குள் போனால் சில மணித்தியாலத்தில் உடம்பு முழுக்கப் பரவும், மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வுக்கும் போகும்.

முதல் ஒரு கிழமைக்குள் வருகிற தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயிடம் இருந்து வருவது. அதிலும் கூடுதலானது முதல் 24 மணித்தியாலத்துக்குள் வெளியில் தெரியும். ஒரு கிழமைக்குப் பிறகு மூன்று மாதம் வரை வருவது தாயிடம் இருந்தும் வரலாம், வீட்டில் மற்றவர்களிடம் இருந்தும் வரலாம்.

"குரூப் பி ஸ்ட்ரெப்" என்றால் என்ன?

இந்தப் பெயரை ஆஸ்பத்திரியில் கேள்விப்படுவீங்கள். சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள். இது ஒரு கிருமி. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 10 முதல் 30 பேர் வரை குடலிலும் பிறப்புறுப்பிலும் இதைக் கொண்டிருப்பார்கள். தாய்க்கு ஒரு வருத்தமும் தெரியாது. வரும், போகும், திரும்ப வரும்.

ஒன்று தெளிவாகச் சொல்லுறன், அப்பாமார் கவனமாகக் கேளுங்கோ. இது பாலியல் நோய் இல்லை. துப்பரவு இல்லாததால் வருவதும் இல்லை. ரிப்போர்ட்டில் "பொசிட்டிவ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் சந்தேகமும் சண்டையும் வந்ததை நான் கண்டிருக்கிறன். ஒரு காரணமும் இல்லாத சண்டை.

தாய்க்கு ஒன்றும் செய்யாத கிருமி, பிரசவ வழியில் பிள்ளைக்குத் தொற்றினால் சில பிள்ளைகளுக்கு இரத்தத்திலும் நுரையீரலிலும் மூளைச் சவ்விலும் நோயை உண்டாக்கும். கிருமி உள்ள தாய்க்குப் பிரசவத்தின்போது மருந்து கொடுக்காவிட்டால் 200 பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வரலாம். மருந்து கொடுத்தால் அது 4000 பிள்ளைகளில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும்.

மருந்து பெரிய விசயம் இல்லை. பிரசவ வலி தொடங்கிய பிறகு கையில் ஊசி ஏற்றிப் பெனிசிலின் கொடுப்பார்கள். பிள்ளை பிறக்குமுன் குறைந்தது நான்கு மணித்தியாலம் மருந்து உடம்பில் இருந்தால் நல்ல பாதுகாப்பு. அதனால்தான் கிருமி உள்ளவர் வலி தொடங்கியதும் தாமதிக்காமல் வர வேண்டும் என்று சொல்லுவார்கள். ஏழாம் மாதத்திலேயே மருந்து குடித்து முடிப்பம் என்று கேட்பீங்கள். பிரயோசனம் இல்லை, கிருமி திரும்ப வந்துவிடும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கோ, வேறு மருந்து இருக்குது.

அவுஸ்திரேலியாவில் இந்த மருந்து முறை வந்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சிட்னி வெஸ்ட்மீட் சிறுவர் ஆஸ்பத்திரியின் பேராசிரியர் டேவிட் ஐசக்ஸும் அவரோடு வேலை செய்த டொக்டர்மாரும் பல ஆஸ்பத்திரிக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1993இல் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 1.4 என்று இருந்த முதற்கிழமை ஜி.பி.எஸ். நோய், 2001இல் 0.25 ஆகக் குறைந்திருந்தது. அந்த டேவிட் ஐசக்ஸ்தான் 2014 டிசம்பரில் நவுரு தடுப்பு முகாமுக்குப் போய், அங்கே பிள்ளைகள் படுகிற பாட்டைத் திரும்பி வந்து வெளிப்படையாகச் சொன்னவர். இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகளுக்காக வாய் திறந்த டொக்டர்மாரும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்லுறன்.

ஆபத்தைக் கூட்டுகிற காரணங்கள்

இதைக் கொஞ்சம் எழுதிக்கொள்ளுங்கோ. கீழே சொல்லுறதில் ஒன்று இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் என்று அர்த்தம் இல்லை. கூடுதல் கவனம் வேண்டும் என்றுதான் அர்த்தம்.

1. பிள்ளை 37 கிழமைக்கு முன்னர் பிறப்பது.

2. பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேலாகியும் பிள்ளை பிறக்காமல் இருப்பது. குடம் உடைந்தால் உள்ளுக்குப் போகக் கிருமிக்கு வழி திறந்த மாதிரி.

3. பிரசவ நேரத்தில் தாய்க்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல். வெளியேறும் தண்ணீர் மணப்பதும், வயிறு தொட்டால் நோவதும் அப்படித்தான்.

4. இந்தக் கர்ப்பத்தில் சுவாப் பரிசோதனையிலோ சிறுநீரிலோ ஜி.பி.எஸ். கிருமி காணப்பட்டிருப்பது.

5. முந்தின பிள்ளை ஒன்றுக்கு இந்த நோய் வந்திருப்பது.

இதில் ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்களில் சில தாய்மார் ஊரிலோ, யுத்த நேரத்திலோ, இந்தியாவில் முகாமிலோ பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். "காய்ச்சல் வந்தது, மூன்றாம் நாள் போட்டுது" என்று மட்டும்தான் தெரியும், கடதாசி ஒன்றும் இல்லை. இங்கே மருத்துவிச்சி "முந்தின பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்கும்போது, சொல்ல மனம் வராமல், இருக்கிற பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொல்லுவார்கள். எனக்கு விளங்குது. ஆனால் அந்தப் பிள்ளையையும் சொல்லுங்கோ. காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறந்து எத்தனையாம் நாள், காய்ச்சல் இருந்ததா, பால் குடித்ததா என்று ஞாபகம் இருப்பதைச் சொன்னால் போதும். அந்தப் பிள்ளையின் கதை அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும்?

கிளினிக்குக்கு ஒழுங்காகப் போங்கோ. சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். சிறுநீர் எரிவு இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கோ. 36ஆம் கிழமையை ஒட்டிப் பல ஆஸ்பத்திரிகளில் பஞ்சு சுற்றின குச்சியால் சுவாப் எடுப்பார்கள். விருப்பம் என்றால் நீங்களே மறைவில் போய் எடுத்துக் கொடுக்கலாம். சில இடங்களில் எல்லாருக்கும் சுவாப் எடுப்பதில்லை, ஆபத்துக் காரணம் உள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் எப்படி என்று கேளுங்கோ. கேட்பது உங்கள் உரிமை.

பன்னீர்க்குடம் உடைந்தால் முதல் வேலை மணிக்கூட்டைப் பார்ப்பது. எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம், மணம் உண்டா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுங்கோ. வலி இல்லை, விடியப் போவம் என்று இருக்க வேண்டாம். புருசன் இரவு வேலையில், வீட்டில் கார் இல்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவெடுத்து வையுங்கோ.

பிள்ளை பிறந்த பிறகு, ஆபத்துக் காரணம் இருந்தால் ஒரு நாள் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிள்ளையின் சூடு, மூச்சு, இதயத் துடிப்புப் பார்ப்பார்கள். இரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை அன்ரிபயோட்டிக் ஊசியும் போடலாம். "பச்சைப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு குத்து?" என்று தாய்மார் அழுவார்கள். ரிப்போர்ட் நல்லது என்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். நோய் உறுதி என்றால் 10 நாள், மூளைக்காய்ச்சல் என்றால் 14 நாள் அல்லது அதற்கு மேல் போகும். இடையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். இந்த நாட்களில் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தொப்புள்கொடி தானாகக் காய்ந்து விழும். அதில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் போட வேண்டாம். துப்பரவாகவும் காய்ந்தும் இருந்தால் போதும். கொடியைச் சுற்றித் தோல் சிவந்து பரவினால், சீழ் வந்தால் உடனே காட்டுங்கோ.

சீனித்தண்ணீர், தேன், வசம்பு, சேனை ஒன்றும் வாயில் வைக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் தசைகளைச் சோர வைத்துவிடும். மஞ்சளாக வருகிற முதற்பாலைப் பிழிந்து ஊற்றிவிட வேண்டாம். அதைவிடப் பெரிய மருந்து கடையில் இல்லை. கண்ணுக்கு மை போட வேண்டாம். பொட்டு வைக்க ஆசையென்றால் சட்டையில் வையுங்கோ!

பிள்ளையைத் தூக்குமுன் எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருக்கிற எங்கள் நிலைமையில் இது கட்டாயம். தடிமன், இருமல், காய்ச்சல் உள்ளவர் கிட்ட வர வேண்டாம். உதட்டில் நீர்க்கொப்புளம் உள்ளவர் பிள்ளையைக் கொஞ்சவே கூடாது. பெரியவருக்கு அது சின்னப் புண், ஆனால் பிறந்த பிள்ளைக்கு உயிராபத்து. சொன்னால் கோவிப்பார்கள் என்று நினைத்தால் "நேர்ஸ் வேண்டாம் எண்டு சொன்னவ" என்று என்னைச் சாட்டுங்கோ.

குக்கல் இருமலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் மேற்கு அவுஸ்திரேலியாவில் 32 நாள் பிள்ளை ஒன்று இந்த நோயால் இறந்தது. தடுப்பூசி தொடங்கும் வயது அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. அந்த ஆண்டிலேயே பல மாநிலங்கள் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி கொடுக்கத் தொடங்கின. 2018 யூலையில் இருந்து அது நாடு முழுவதுக்குமான திட்டத்தில் இருக்குது. 20 முதல் 32 கிழமைக்குள் தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போகும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். புளூ ஊசியும் அப்படித்தான். ஆர்.எஸ்.வி. என்ற சளி நோய்க்கான ஊசி 2025 பெப்ரவரியில் இருந்து 28 முதல் 36 கிழமை வரையான கர்ப்பிணிகளுக்கு இலவசத் திட்டத்தில் சேர்ந்திருக்குது. மெடிகெயார் இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கேளுங்கோ.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் உடனே எமேர்ஜென்சி. நாளைக்கு இல்லை, இப்பவே. பனடோல் கொடுத்துப் பார்ப்பம் என்று இருக்க வேண்டாம். கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. பார்மசியில் ஒரு டிஜிட்டல் தேர்மோமீற்றர் வாங்கி வையுங்கோ. காய்ச்சல் இல்லாமல் உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்து, போர்த்தியும் சூடாகாவிட்டாலும் அதே ஆபத்துத்தான்.

மற்றவை: பால் குடிக்க மறுப்பது, எழுப்ப எழுப்ப எழும்பாத நித்திரை, துணி மாதிரித் துவண்டு போவது, வேகமான மூச்சு, மூச்சு விடும்போது முனகல், தோல் வெளிறுவது அல்லது திட்டுத்திட்டாக மாறுவது, விடாமல் கீச்சென்று அழுவது, நப்பி நனைவது நன்றாகக் குறைவது, பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் செங்கண்மாரி. வலிப்பு, நீலம் பாரிப்பது, மூச்சு நின்று நின்று வருவது என்றால் கார் தேட வேண்டாம், 000 அடியுங்கோ.

இதெல்லாம் ஞாபகம் வராவிட்டால் ஒன்றை மட்டும் வையுங்கோ: பிள்ளை நேற்று இருந்த மாதிரி இன்றைக்கு இல்லை. அதைத் தாய்தான் முதலில் கண்டுபிடிப்பா. அந்த மனப்பயத்தை ஒருவரும் பேசிக் குறைக்க விட வேண்டாம்.

கேள்வி – பதில்

பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எங்கள் கேஸ் பாதிக்குமா?

இல்லை. வைத்தியம் எடுத்ததற்காகப் பாதுகாப்பு விசா மறுக்கப்படுவதில்லை. ஆஸ்பத்திரியில் விசாக் கடதாசி கேட்பது பணம் யார் கட்டுவது என்று பார்க்கத்தான்.

மெடிகெயார் இல்லாவிட்டால் பில் வருமா?

புகலிடம் கோரியவர்களுக்கு மெடிகெயார் இல்லாவிட்டாலும் பொது ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் பணம் அறவிடக் கூடாது என்ற ஏற்பாடு விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் இருக்குது. விக்டோரியாவில் அம்புலன்சுக்கும் உண்டு. பதிவு செய்யும்போது "அசைலம் சீக்கர்" என்று சொல்லி, உங்கள் கடிதத்தைக் காட்டுங்கோ. சில நேரம் பிழையாகப் பில் வரும். கட்டவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம், எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாங்கோ. சிட்னியில் அம்புலன்ஸ் பில் வந்தாலும் அப்படியே. பில்லைப் பிறகு பார்க்கலாம்.

இங்கிலிஷ் தெரியாதே, எப்படிச் சொல்லுறது?

"தமிழ் இன்ரர்பிரிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில் இலவசம். பெண் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். நீங்கள் சொல்வதை அவர் வெளியில் சொல்லக் கூடாது என்பது அவருடைய தொழில் விதி. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க விட வேண்டாம். 000 எடுத்தால் முதலில் "அம்புலன்ஸ்", பிறகு "தமிழ்" என்று சொல்லிப் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டு இருங்கோ. வீட்டு விலாசத்தை இங்கிலிஷில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கோ.

முள்ளந்தண்டில் ஊசி போட்டால் பிள்ளை நடக்காமல் போகுமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி. மூளைக்காய்ச்சலா என்று அறிய முதுகின் அடிப்பக்கத்தில் இருந்து சில துளி நீர் எடுப்பார்கள். அந்த இடம் முள்ளந்தண்டு நரம்பு முடிகிற இடத்துக்குக் கீழே. அதனால் நடை போகாது. மூளைக்காய்ச்சலைக் கண்டுபிடிக்காமல் விட்டால்தான் கேட்டலும் நடையும் பாதிக்கலாம்.

31 நாள் துடக்கு முடியாமல் வெளியில் போகலாமா?

ஆஸ்பத்திரிக்குத் துடக்கு இல்லை. எங்கள் பெரியவர்கள் தாயையும் பிள்ளையையும் கூட்டத்தில் இருந்து ஒதுக்கி வைத்ததில் ஒரு நன்மையும் இருந்தது, வருத்தக்காரர் கிட்ட வரமாட்டார்கள். அந்த நன்மையை வைத்துக்கொள்ளுங்கோ. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் முதலாம் நாளும் போகலாம், நடுச்சாமத்திலும் போகலாம்.

வீட்டுக்குப் போனதும் அம்மம்மாமாருக்கும், ஊரில் இருக்கிற மாமிமாருக்கும் போனில் இதைச் சொல்லுங்கோ.

வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க:

உயிராபத்து, அம்புலன்ஸ்: 000
தொலைபேசி மொழிபெயர்ப்பாளர்: 131 450 (முதலில் இதை எடுத்து, கீழுள்ள இலக்கத்துக்கு இணைக்கச் சொல்லலாம்)
விக்டோரியா தாய் சேய் நல நேர்ஸ், 24 மணித்தியாலமும்: 13 22 29
நியூ சவுத் வேல்ஸ், நேர்ஸ் ஆலோசனை, 24 மணித்தியாலமும்: 1800 022 222
கர்ப்பமும் குழந்தையும் பற்றிய ஆலோசனை: 1800 882 436
ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை (விக்டோரியாவில் பச்சை, நியூ சவுத் வேல்ஸில் நீலம்) மறக்காமல் கொண்டு போகவும்.